இருபது அடி தள்ளி

டேப்பின் ஒரு முனையைச் சமையலறை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்திருந்தாள் பிரிசில்லா. மறுமுனையைப் பிடித்தபடி பின்னோக்கியே நடந்துபோன அவள் கணவன் செம்பியன், பதினாறாவது அடியில் காம்பவுண்டுச் சுவரில் முதுகை மோதிக்கொண்டு நின்றான்.

"எவ்ளோங்க வந்துச்சு?"

"பதினாறு."

"சரி, அங்கயே வைங்க."

"இருவது அடி தள்ளி வைக்கணும். நாலு அடி கொறையுதே!"

"நாலு அடிக்கு யாரு வந்து கேக்கப்போறாங்க?"

"பொக கேக்கும்," என்றான் செம்பியன். "ஜெனரேட்டர் பொகையில ஒரு விஷ வாயு இருக்கு. அதுக்கு வாசனையும் கெடையாது, கலரும் கெடையாது. ஜன்னல் வழியா உள்ள வந்துச்சுன்னா நீ க்ரீம் தடவிக்கிட்டு இருக்கறப்பவே போய்ச் சேந்துருவ."

"காலங்காத்தால நல்ல வார்த்தையே வாயில வராதா உங்களுக்கு?" என்று டேப்பை விட்டுவிட்டாள் பிரிசில்லா. அது சர்ரென்று ஓடிப்போய் அவன் விரலைப் பதம் பார்த்தது.

செம்பியன் பிறவியிலேயே இப்படி இல்லை. சிதம்பரத்தில் ஒரு தனியார் உரக் கிடங்கில் ஸ்டோர் கிளார்க்காகச் சமர்த்தாக வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதன்தான். போன வருடம் கம்பெனியில் அரைநாள் பாதுகாப்புப் பயிற்சி என்று கூட்டிப்போய், மதியம் சாம்பார் சாதம் போட்டு, கையில் ஒரு சான்றிதழையும் கொடுத்து அனுப்பினார்கள். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. காதல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பதால் ஹாலில் நடராஜர் படமும் இயேசு படமும் பத்து வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒற்றுமையாக இருந்துவந்தன. இப்போது இரண்டுக்கும் நடுவில் லேமினேஷன் போட்ட சான்றிதழ் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று புதன்கிழமை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை பராமரிப்புக்காக மின்தடை என்று இரண்டு நாள் முன்பே பேப்பரில் போட்டிருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் விசிறியை எடுத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். ஆனால் அன்றைக்கு ஃப்ரிட்ஜுக்குள் பிரிசில்லாவின் வருங்காலமே மூன்று அடுக்காக உட்கார்ந்திருந்தது.

ஒன்பது கிலோ வெனிலா கேக். பால் க்ரீம் பூசி, ஓரத்தில் ரோஜா வைத்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் மாலை வரவேற்பு. மூன்று மணிக்கு ஏசி கார் வந்து எடுத்துப்போகும். அதுவரை அரைக் கிலோ பிறந்தநாள் கேக்குகளாகவே செய்துகொண்டிருந்த பிரிசில்லாவுக்கு இதுதான் முதல் கல்யாண ஆர்டர். மண்டபத்து மேனேஜர் ஜெயராணி போனிலேயே சொல்லிவிட்டாள்: "இது நல்லா வந்துச்சுன்னா இந்த வருஷம் நம்ம மண்டபத்து கேக்கு பூரா ஒனக்குத்தான். க்ரீம் ஒழுகிச்சுன்னு வச்சுக்க, அடுத்த தடவ நான் போனே எடுக்க மாட்டேன்."

மே மாதம். அக்னி நட்சத்திரம். வெயிலில் பால் க்ரீம் அரைமணி நேரம் நின்றால் பாலாகவே திரும்பிவிடும். பிரிசில்லா மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

அதனால்தான் ஜெனரேட்டர். அதைக் காட்டுமன்னார்கோயிலிலிருந்து முதல் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கியிருந்தான் செம்பியனின் தங்கை புருஷன் கதிர்வேல். பெரிய புயல் ஒன்று அடித்து ஓய்ந்த ஜோரில் வாங்கிய பெட்ரோல் ஜெனரேட்டர் அது. அதற்கப்புறம் அவன் தெருவுக்கு அப்படியொரு புயல் வரவேயில்லை. வருடா வருடம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததோடு சரி.

"கண்டக்டர் இதுக்கு டிக்கெட் கேட்டான் மச்சான்," என்றான் கதிர்வேல். "வாயில்லா ஜீவன்யா, மடியில வச்சிக்கிறேன்னு சொன்னேன். பெட்ரோல் வாசன வந்தா எறக்கி வுட்டுருவேன்னான். நல்லவேளை, டேங்க்ல ஒரு சொட்டு கெடையாது. ஆயிலும் கெடையாது."

"இத நீங்க ஒரு தடவையாச்சும் ஓட்டியிருக்கீங்களா தம்பி?" என்றாள் பிரிசில்லா.

"கடைக்காரன் ஓட்டிக் காட்டினான்க்கா. பாத்தேன்."

செம்பியன் நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பிரித்தான். பதினொரு வீடியோ பார்த்து இருபத்தேழு விதிகள் எழுதிவைத்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் அடிக்கச் சிவப்பில் கட்டம் வேறு.

"விதி ஒண்ணு. மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணணும்."

"இன்னும் இருவது நிமிஷம் இருக்கேங்க. அதுவரைக்கும் கூலிங் ஏறட்டுமே!"

"கடைசி நிமிஷத்துல செய்யறதுதான் ஆபத்து. நம்ம ஜெனரேட்டர் கரண்டு தப்பித்தவறி லைனுக்குள்ள போச்சுன்னா என்ன ஆவும்? கம்பத்துல ஏறி வேல பாத்துக்கிட்டு இருப்பான் நம்ம ஏரியா லைன்மேன் பக்கிரி. பாவம், பொண்டாட்டி புள்ளைங்க இருக்குற மனுஷன்."

பக்கிரியின் பொண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பிரிசில்லா ஒத்துக்கொண்டாள். எட்டு நாற்பதுக்கு மெயின் ஆஃப் ஆயிற்று. ஃப்ரிட்ஜ் ஒரு முனகலோடு அடங்கியது.

"விதி ரெண்டு. பெட்ரோல் கிட்ட செல்போன் ஆவாது. எல்லாம் சுவிட்ச் ஆஃப்."

மூன்று போன்களும் பழைய பிஸ்கட் டின்னுக்குள் போய், டின் பீரோவுக்குள் போய், பீரோ சாவி செம்பியன் அரைஞாணில் ஏறியது.

"கார் டிரைவர் கூப்பிட்டா?"

"வந்து ஹாரன் அடிப்பான்."

மிச்சமிருந்தது அந்த நாலு அடி. அது சுவருக்கு அந்தப் பக்கம், தில்லையம்மாள் வீட்டுத் தோட்டத்தில் கிடந்தது. தில்லையம்மாள் பக்கத்து வீடு. மகன் புதுச்சேரியில் வேலை. அம்மா சீரியல் தடைபடாமல் பார்க்கவேண்டும் என்று வீட்டில் இன்வெர்ட்டர் மாட்டிக்கொடுத்திருக்கிறான். கரண்ட் போவதும் வருவதும் அவளுக்குத் தெரியவே தெரியாது.

"அதுக்கென்ன தம்பி, தாராளமா வையி," என்றாள் தில்லையம்மாள். "என் ஃப்ரிட்ஜையே குடுத்திருப்பேன். அத இன்வெர்ட்டர்ல போடக் கூடாதுன்னு மவன் சொல்லியிருக்கான். அதுவுமில்லாம உள்ள பூரா பரங்கிப்பேட்டை நெத்திலி."

கேக்குக்குப் பக்கத்தில் நெத்திலி என்று நினைத்துப் பார்த்ததிலேயே பிரிசில்லாவுக்குக் குமட்டியது.

"ஆனா ஒண்ணு. என் எடத்துல புது மிசினு வச்சா பூச போடாம ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ஆமா."

கேக்குக்காக பூஜைதானே, போடட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். செம்பியன் இந்தப் பக்கத்திலிருந்து தூக்கிக் கொடுக்க, கதிர்வேல் அந்தப் பக்கத்திலிருந்து வாங்க, ஜெனரேட்டர் சுவரேறிக் குதித்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் டிவிஎஸ் வண்டி வந்து நின்ற சத்தம். கதிர்வேல் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டெனக் குனிந்துகொண்டான்.

"மச்சான்! லைன்மேன் மச்சான்!"

"பக்கிரியா? இப்ப எதுக்கு?"

"நீ ஜெனரேட்டர் வைக்க பர்மிசன் வாங்கியிருக்கியா?"

செம்பியன் அவசரமாக நோட்டைப் புரட்டினான். இருபத்தேழு விதியில் பர்மிஷன் என்று ஒரு விதி இல்லை.

"எங்க பக்கம் ஒருத்தன் பர்மிசன் இல்லாம வச்சான்னு மிசினையே தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. ஷட்டவுன் அன்னிக்கி கம்பத்துல இருக்க வேண்டிய ஆளு உங்க வூட்டு வாசல்ல எதுக்கு நிக்கிறாரு? யோசிச்சுப் பாரு."

மெஷின் போனால் கேக் போயிற்று. கேக் போனால் ஜெயராணி போனை எடுக்க மாட்டாள். செம்பியன் வாசலுக்கு ஓடினான். பக்கிரி கேட்டைத் திறந்துகொண்டிருந்தான். வாயில் பீடி.

"அண்ணே, ஒரு விசயம்..."

"நில்லு! அங்கயே நில்லு! பீடிய அண!"

"என்னண்ணே ஆச்சு?"

"தீயோட இருவது அடிக்குள்ள வரக் கூடாது! போ, போ, அப்புறமா வா!"

பக்கிரி பீடியையும் செம்பியனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அடுத்தது பெட்ரோல்.

பங்க்கில் பாட்டிலில் ஊற்ற மாட்டேன் என்றார்கள். கேனில் கேட்டான். "வண்டி டேங்க்ல மட்டும்தான் சார்." அதுவும் நியாயமான விதிதான் என்று செம்பியனே தலையாட்டிவிட்டு, பைக்கில் இரண்டு லிட்டர் போட்டுக்கொண்டு வந்தான். தோட்டத்து வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் குழாயைக் கழற்றித் தூக்குச்சட்டியில் பிடித்தான். சட்டியிலிருந்து ஜெனரேட்டர் டேங்க்குக்குச் சிந்தாமல் ஊற்ற ஒரு புனல் வேண்டும். கதிர்வேல் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சின்னதாக, கூம்பாக, பளபளவென்று ஒன்றை எடுத்துவந்தான். பாதி பெட்ரோல் இறங்கியபின்தான் பிரிசில்லா பார்த்தாள்.

"ஐயோ! அது ரோஜா போடுற நாசில்! ஒரு ரோஜா பாக்கி வச்சிருந்தேனே!"

"அதான் பெட்ரோல் பூ பூவா எறங்குதா?" என்றான் கதிர்வேல், ஆச்சரியமாக.

பிரிசில்லா அவனை அடிக்கத் துடைப்பம் தேடினாள். துடைப்பம் கிடைக்கவில்லை, அவன் அதிர்ஷ்டம்.

"விதி பதினொண்ணு, கழுத்து வரைக்கும் ரொப்பக் கூடாது," என்று செம்பியன் டிக் அடித்தான். "விதி பன்னெண்டு, ஆயில் பாக்கணும்."

அளவு குச்சியை உருவிப் பார்த்தான். காய்ந்துபோய் வந்தது. தில்லையம்மாள் உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தாள்.

"இந்தா தம்பி, செக்கு நல்லெண்ணெ. கலப்படமே கெடையாது."

"அக்கா, இது இஞ்சின்..."

"எஞ்சினா இருந்தா என்ன? சூட்ட தணிக்கும்ல?"

அதை மறுத்துப் பேசி, அவள் மனம் கோணாமல் இட்லிப்பொடிக்கு அந்த எண்ணெயை வாங்கிவைத்துக்கொண்டு, கதிர்வேலை மெக்கானிக் கடைக்கு அனுப்பி இஞ்சின் ஆயில் வாங்கி ஊற்றுவதற்குள் மணி பதினொன்றரை.

இதற்கு நடுவில் ஃப்ரிட்ஜை யார்தான் திறக்கவில்லை? ஜில்லென்று இருக்கிறதா என்று பார்க்கச் செம்பியன் நான்கு முறை திறந்தான். தண்ணி குடிக்கக் கதிர்வேல் மூன்று முறை. "நான் கல்யாண கேக்க நேர்ல பாத்ததே இல்லடி," என்று தில்லையம்மாள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கன்னத்தில் கைவைத்து நின்றாள். நடு அடுக்கின் இடதுபக்கம் க்ரீம் லேசாக மினுங்கத் தொடங்கியிருந்தது. பிரிசில்லா தில்லையம்மாளை விலக்கிக் கதவைச் சாத்தினாள். துப்பட்டாவால் ஃப்ரிட்ஜ் கதவை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இனிமே இத எவனாவது தொட்டீங்க, கைய ஒடச்சிருவேன். சீக்கிரம் அந்த மிசின ஓட்டுங்க!" குரல் உடைந்து கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு.

செம்பியனுக்குப் பாவமாகப் போயிற்று. அவளுக்காகத்தானே அத்தனை விதியும். வேகமாகத் தோட்டத்துக்கு ஓடினான். அங்கே தில்லையம்மாள் ஜெனரேட்டருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றி, தட்டில் சூடத்தை வைத்துத் தீக்குச்சியை உரசப் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்காஆஆ!"

அவன் பாய்ந்த பாய்ச்சலில் தட்டு ஒரு பக்கம், சூடம் ஒரு பக்கம்.

"பெட்ரோல்க்கா! பெட்ரோல் இருக்குக்கா!"

"அதுக்குன்னு சாமிக்குச் சூடம் காட்டாம இருக்க முடியுமா?"

பேச்சுவார்த்தை பத்து நிமிடம் நடந்தது. கடைசியில் தில்லையம்மாள் தன் வீட்டு வாசலில், ஜெனரேட்டரிலிருந்து அளந்த இருபதாவது அடியில் நின்று சூடம் காட்டுவது என்றும், எல்லாரும் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று அங்கிருந்தபடியே கும்பிட்டுக்கொள்வது என்றும் முடிவாயிற்று. அவளுக்கு அதில் அரை மனதுதான். அதனால் ஆண்கள் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில் ஓடிவந்து, விட்டுப்போன சாங்கியத்தைக் கதம்பத்துக்கு அடியில் ஓசைப்படாமல் செய்துவிட்டுப் போனாள்.

"விதி பதினாறு, பெட்ரோல் வால்வ தொற. பதினேழு, சோக்க இழு. பதினெட்டு, சுவிட்ச் ஆன். பத்தொம்போது, கயித்த ஒரே இழுப்பா இழு!"

கதிர்வேல் இழுத்தான். ட்டுர்ர்ர்ர் என்று ஒரு உயிர் வந்தது. இரண்டே விநாடி. நின்றுவிட்டது.

மறுபடி இழுத்தான். ட்டுர்ர். நின்றது.

செம்பியன் இழுத்தான். இருவரும் மாறி மாறி நாற்பது தடவை இழுத்தார்கள். சோக்கைத் தள்ளி இழுத்தார்கள், தள்ளாமல் இழுத்தார்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். கதிர்வேலின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. தெருக்கோடியில் மாவு மில் கடகடவென்று ஓடுகிற சத்தம் மட்டும் அவர்களைக் கேலி செய்வதுபோல வந்துகொண்டிருந்தது.

"மில்லுக்காரன் மட்டும் எப்படி மச்சான் ஓட்டுறான்?"

"டீசல் ஜெனரேட்டர் வச்சிருப்பான் மாப்ள. காசு ஜாஸ்தி. எத்தன அடி தள்ளி வச்சிருக்கான்னு ஒருநாள் போய் அளந்து பாக்கணும்."

அப்போது மறுபடியும் டிவிஎஸ் சத்தம். இந்தத் தடவை தில்லையம்மாள் வீட்டு வாசலிலேயே.

"செத்தோம்," என்றான் கதிர்வேல்.

சுவரேறிக் குதிக்க நேரமில்லை. இரண்டு ஆண்களும் மோட்டார் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். தில்லையம்மாள் கொடியில் கிடந்த பழைய வேட்டியை இழுத்து ஜெனரேட்டர்மேல் போட்டு, முறத்திலிருந்த வடகத்தை அள்ளி அதன்மேல் பரப்பினாள். பக்கிரி உள்ளே வந்தான்.

"செம்பியன் சார் இங்க இருக்காரா? அவுங்க வூட்டுல கதவத் தட்டுனா யாரும் தொறக்கல. போனும் ஆஃபு."

"தம்பி வடலூர் போயிருக்கு."

"பைக்கு இங்கதான நிக்குது?"

"நடந்து போயிருக்கு."

பக்கிரி மூக்கை உறிஞ்சினான். "வடகத்துல என்னக்கா பெட்ரோல் வாசன?"

"புது பக்குவம். ஒனக்கு வேணுமா?"

"வேணாம்க்கா." அவன் வடகத்தின் உயரத்தை ஒருமுறை பார்த்தான். "அவரு வந்தா நான் தேடுனேன்னு சொல்லுங்க. முக்கியமான விசயம்."

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் செம்பியன் எழுந்தான். முகமெல்லாம் வியர்வை. "நோட்டீஸேதான். சந்தேகமே இல்ல."

மணி ஒன்றேகால். பக்கிரி தட்டியபோது கதவைத் திறக்காமல் உள்ளேயே பதுங்கியிருந்த பிரிசில்லா வந்து சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வடகத்தையும் வேட்டியையும் விலக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் தலையை இப்படிச் சாய்த்து, அப்படிச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி ஜெனரேட்டரைப் பார்த்தாள். மூன்று அடுக்குக் கேக்கை நேராக நிறுத்துகிறவளின் கண் அது.

"அது சாஞ்சிருக்கு," என்றாள்.

"எது?"

"மிசினு. எடது பக்கம் தூக்கியிருக்கு. ஒரு கிண்ணத்துல தண்ணி வச்சுப் பாருங்க."

தில்லையம்மாள் கிண்ணம் கொண்டுவந்தாள். தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி வழிந்தது. செம்பியன் கதம்பத்தை விலக்கினான். இடதுபக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் தலா இரண்டு எலுமிச்சம்பழம், நசுங்காமல், கெட்டியாக.

எல்லாரும் தில்லையம்மாளைப் பார்த்தார்கள்.

"வண்டிக்கு வைக்கிறதில்லையா? அதேதான். சக்கரம் இல்லாததால காலுக்கு வச்சேன். வலப்பக்கத்துக்கு வைக்கறதுக்குள்ள நீங்க கண்ணத் தொறந்துட்டீங்க!"

செம்பியன் நோட்டைப் புரட்டினான். விதி ஏழு: சமதளத்தில் வைக்கவும். சாய்ந்தால் ஆயில் ஒதுங்கிவிடும். ஆயில் இல்லை என்று நினைத்து மெஷின் தானாக நின்றுகொள்ளும். பக்கத்தில் சிவப்புக் கட்டத்தில் தடியாக ஒரு டிக். அவன் பிரிசில்லாவைப் பார்க்காமல் நோட்டை மூடினான்.

நான்கு பழத்தையும் எடுத்தார்கள். கதிர்வேல் வேண்டா வெறுப்பாகக் கயிற்றைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தான்.

டுர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

நிற்கவில்லை! மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். சோக்கை மெல்ல உள்ளே தள்ளினான் செம்பியன். சத்தம் சீரானது. கதிர்வேல் செம்பியனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். தில்லையம்மாள் குலவையிட்டாள். நாற்பது இழுப்பு இழுத்த கை வலிகூட அவர்களுக்கு மறந்துபோயிற்று.

"சூடாகட்டும், ஒடனே லோடு குடுக்கக் கூடாது. விதி இருவத்தி ரெண்டு!" என்று சத்தத்துக்கு மேலே கத்தினான் செம்பியன்.

ஐந்து நிமிடம் கழித்து, தடிமனான வயர் சுவர்மேல் ஏறி, வாசல் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குள் போயிற்று. சமையலறை ஜன்னல் சாத்தப்பட்டது. சுவர் பிளக்கில் எதையும் சொருகாமல், ஃப்ரிட்ஜ் வயரை நேராக ஜெனரேட்டர் வயரில் மாட்டினான் செம்பியன். பிரிசில்லா துப்பட்டாவை அவிழ்த்துக் கதவை ஒரு விரல் அளவு திறந்தாள்.

உள்ளே லைட் எரிந்தது.

கேக் இருந்தது. நடு அடுக்கில் இடதுபக்கம் மட்டும் இரண்டு ரோஜா கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. ஒன்றரை மணி நேரம் குளிர் ஏறியதும், பிரிசில்லா ஒரு கத்தியைச் சுடுதண்ணியில் நனைத்து ஓரத்தை நீவி, இறங்கின ரோஜாவை மேலே ஏற்றினாள். பாக்கி இருந்த ஒரு ரோஜாவை நாசில் இல்லாமல் கரண்டியாலேயே வைத்தாள். அதுதான் இருப்பதிலேயே அழகாக வந்தது என்று கதிர்வேல் சத்தியம் செய்தான்.

மூன்றேகாலுக்கு ஹாரன் கேட்டது. அட்டைப் பெட்டிகளில் மூன்று அடுக்கும் பத்திரமாக ஏறின. ஏசியைக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டு, முன்சீட்டில் உட்காரப்போன பிரிசில்லா திரும்பி வந்து செம்பியன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள நான் எவ்ளோ திட்டியிருப்பேன். இன்னிக்கி நீங்களும் உங்க நோட்டும் இல்லன்னா என் பொழப்பு போயிருக்கும்ங்க."

செம்பியன் நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "பாதுகாப்பு முக்கியம் பிரிசி," என்றான். மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

கார் கிளம்பியதும் நான்கு எலுமிச்சம்பழத்தையும் பிழிந்து தில்லையம்மாள் ஜூஸ் கொண்டுவந்தாள். லேசாகப் பெட்ரோல் வாடை அடித்தது. யாரும் குறை சொல்லவில்லை. சிரித்துச் சிரித்துக் குடித்தார்கள். தில்லையம்மாள் தோட்டத்தில் ஜெனரேட்டர் இன்னும் டுர்ர்ரென்று வெற்றி முழக்கம் போட்டுக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் டிவிஎஸ் வந்து நின்றது யாருக்கும் கேட்கவில்லை.

கதிர்வேல்தான் முதலில் பார்த்தான். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான்.

தெருவுக்கு அந்தப் பக்கம், கேட்டிலிருந்து எண்ணி இருபது அடி தள்ளி, பக்கிரி நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பீடி இல்லை.

இனி ஒளிந்து பயனில்லை. கேக் ஏறிவிட்டது, மெஷினை வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று செம்பியன் நிமிர்ந்து நடந்துபோனான்.

"பக்கிரி, நான் மறைக்கல. பர்மிஷன் வாங்காம ஜெனரேட்டர் வச்சது என் தப்புதான். ஆனா ஒன்னோட உசுருக்கு ஒரு ஆபத்தும் வந்துரக் கூடாதுன்னு காலையில எட்டு நாப்பதுக்கே மெயின ஆஃப் பண்ணி வச்சிருக்கேன். ஒரு சொட்டு கரண்டுகூட ஒன்னோட லைனுக்கு வரல. வேணும்னா உள்ள வந்து பாரு. நோட்டீஸ குடு, நான் கையெழுத்துப் போடுறேன்."

பக்கிரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"நோட்டீஸா? அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, ஷட்டவுன நாளைக்குத் தள்ளி வச்சிட்டாங்க, இன்னிக்கித் தெருவுல ஒரு நிமிசம்கூடக் கரண்டு போவல, அத சொல்லிட்டுப் போலாம்னுதான் காலையிலேருந்து மூணு தபா வந்துட்டேன்."